ஓநாய்க் குட்டி என்று யாராவது விற்க வந்தால் முதலில் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர், ஓநாய்க் கலப்புக் குட்டி என்று என்னை ஏமாற்றிய இதே ஆளிடம் முற்பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று கேள்வி.

தொடக்கம் மகன்தான். 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு கம்பனி, பனியுகத்தோடு அழிந்துபோன ஒரு பெரிய ஓநாய் இனத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம் என்று வெள்ளைக் குட்டிகளைக் காட்டியதே, ஞாபகமிருக்கும். சாம்பல் ஓநாயின் மரபணுவில் 20 இடங்களை மாற்றி, நாயின் வயிற்றில் சுமக்க வைத்துப் பிறந்தவை அவை. அதைப் பழைய இனம் என்று சொல்லலாமா என்று விஞ்ஞானிகளே அடிபட்டார்கள். மகனுக்கு அதெல்லாம் எதற்கு? கைபேசியைத் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு படுக்கிற அளவுக்கு ஓநாய்ப் பைத்தியம் பிடித்துவிட்டது.

மகனை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது. வட்டக்கச்சியில் எங்கள் வயலுக்குள் போன போகம் பன்றி இறங்கி உழுதுவிட்டுப் போனது. பார்த்தாலே பயப்படுகிற மாதிரி ஒரு நாய் நின்றால் நல்லது என்று எனக்கும் உள்ளுக்குள் ஆசை. அந்த நேரம் பார்த்துத்தான் முகநூலில் ஒரு விளம்பரம் வந்தது: "40 வீதம் ஓநாய் இரத்தம், காவலுக்குச் சிறந்தது, நீலக் கண்." விலை 85,000 ரூபா.

தொலைபேசியில் அவன் கதைத்த கதை இருக்கிறதே, அண்ணை அண்ணை என்று தேன் ஒழுகும். "இலங்கையில ஓநாயே இல்லை, பிறகு எப்பிடித் தம்பி?" என்று கேட்டேன். "தகப்பன் வெளிநாட்டில அண்ணை, தாய் சினையாத்தான் இஞ்ச வந்தது" என்றான். இங்கே காட்டில் இருக்கிற நாய்ச்சாதி நரி ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும், சினை நாயைக் கப்பலேற்றி விடுவார்களா என்றும் ஒரு கேள்வி எழுந்தது, ஆனாலும் 25,000 ரூபாவை வங்கியில் போட்டுவிட்டேன். ஆசை வந்தால் புத்தி வளவுக்கு வெளியே போய் நிற்கும்.

வீட்டுக்கு வந்து பார்க்கிறோம் என்றால் விடவில்லை, தாய் பொல்லாதது, ஆளைக் கண்டால் பாயும் என்றான். ஆடி மாதம் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு ஏ9 வீதியில் பஸ்ஸால் இறக்கி, பழப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தான். இருட்டு. கைபேசி வெளிச்சத்தில் சாம்பல் நிறக் குட்டி, முதுகில் கறுப்புக் கோடு, நீலக் கண். மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தேன். பற்றுச்சீட்டும் இல்லை, தடுப்பூசி அட்டையும் இல்லை, "அட்டை பிறகு அனுப்பிறன் அண்ணை" என்றதோடு சரி.

அந்த அமெரிக்கக் குட்டிகளில் ஒன்றின் பெயர் ரோமுலஸ். மகன் அதையே வைத்தான். அம்மாவுக்கு அது வாயில் நுழையாமல் இரண்டாம் நாளே ரோமு ஆகிவிட்டது.

மூன்று மாதக் குட்டி என்றுதான் தந்தான். அது கோப்பையில் பால் குடிக்கத் தெரியாமல் மூக்கை முழுக்கத் தாழ்த்தித் தும்மியது. சோளகம் அடிக்கிற காலம், பகலில் வெக்கை தாங்க ஏலாது. ரோமு கிணற்றடி ஈரமண்ணைத் தோண்டி, வயிற்றைக் குழிக்குள் வைத்து, நாக்கைத் தொங்கப்போட்டபடியே கிடக்கும். கழுத்தைச் சொறிந்து சொறிந்து முனகும். நாலாம் நாள் எழும்பவேயில்லை.

மோட்டார் சைக்கிளில் மகன் பின்னால் இருந்து மடியில் வைத்துக்கொள்ள, மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினோம். காய்ச்சல் பார்த்தால் 41 பாகை. நாய்க்கு 39 வரைதான் சரியாம். தண்ணீரால் நனைத்துக் காற்றாடிக்குக் கீழே கிடத்தி, ஊசி போட்டு, பிறகுதான் அந்த டொக்டர்ப் பிள்ளை ரோமுவின் கழுத்தைப் பார்த்தார். பஞ்சில் ஏதோ மருந்தை நனைத்துத் துடைத்தார். பஞ்சு கறுத்தது. இன்னொரு பஞ்சு, அதுவும் கபில நிறமாக வந்தது. மயிரை விலக்கினால் தோல் செக்கச்செவேலென்று வெந்து கிடக்கிறது. "அண்ணா, இது தலைமயிருக்குப் பூசுற டை" என்றார். மகன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அந்த மேசைக்குக் கீழே ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

பல்லைப் பார்த்துவிட்டு ஆறு கிழமைகூட ஆகியிராது என்றார். எட்டுக் கிழமையாவது தாயோடு இருந்திருக்க வேண்டிய குட்டி. நீலக் கண்தான் அத்தாட்சி என்று அவன் சொன்னதைச் சொன்னேன், டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓநாய்க் குட்டிக்குப் பிறக்கும்போது கண் நீலமாக இருந்தாலும் வளர வளர மஞ்சளாகிவிடுமாம், வளர்ந்த பிறகும் நீலம் நின்றால் அது ஹஸ்கி என்கிற பனிநாட்டு நாய்ச்சாதியின் கண். ஓநாயின் வால் கீழே தொங்கும், இதன் வால் இப்போதே முதுகுக்கு மேல் சுருளப் பார்க்கிறது. மொத்தத்தில் ஹஸ்கித் தாய், ஊர் நாயோ அல்சேஷனோ தகப்பன். பனிநாட்டு நாய்க்கு இரட்டை அடுக்கு மயிர், அதை உடம்பில் ஏற்றி வன்னி வெயிலில் விட்டால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

ஏமாந்தது காசில் மட்டும் என்றால் இவ்வளவு எழுதமாட்டேன். அவன் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் இன்னும் மோசம் என்று டொக்டர் சொன்னதுதான் மண்டைக்குள் நிற்கிறது. உண்மையான ஓநாய்க் கலப்பு உலகத்தில் இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவில் 1955இல் ஜேர்மன் ஷெப்பேட்டையும் கார்பாத்திய ஓநாயையும் இணைத்து ஆரம்பித்தார்கள். நெதர்லாந்தில் சார்லோஸ் என்ற ஒருவர் 1930களிலேயே, திறமான வேலைநாய் எடுக்கலாம் என்று நம்பி அதே வேலையைச் செய்தார். அவருக்குக் கிடைத்தது ஆளைக் கண்டால் ஒதுங்குகிற கூச்ச சுபாவமுள்ள நாய். ஓநாய்க்கு மனிதனைக் கண்டால் ஓடத்தானே தெரியும்? அந்தக் குணத்தை ஊட்டி எடுத்த நாய் என் வயலுக்குக் காவல் நிற்குமாம்! அதைவிட, அமெரிக்காவில் ஓநாய்க் கலப்புக்கென்று அனுமதி பெற்ற விசர்நோய்த் தடுப்பூசியே கிடையாது. பள்ளிக்கூடம் விட்டால் பத்துப் பிள்ளைகள் ஓடித் திரிகிற வளவு எங்களுடையது.

ஒரு மாதம் கழித்து, நண்பன் ஒருவனோடு தேடிப் பிடித்து அவன் வீட்டுக்குப் போனேன். ஆள் இல்லை, தொலைபேசி ஏற்கெனவே நிறுத்தம். ஒரு வயதுபோன அம்மாதான் இருந்தா. பின்வளவில் நீலத் தகரம் போட்ட கொட்டிலுக்குள் அந்தப் "பொல்லாத" தாய் கட்டிக் கிடந்தது. தகரத்தில் கை வைக்க ஏலாது, அவ்வளவு சூடு. எங்களைக் கண்டு எழும்பி, வாலை ஆட்டி, திரும்பப் படுத்துவிட்டது. முதுகில் மயிர் கொட்டித் திட்டுத்திட்டாகத் தோல் தெரிந்தது, முலை தொங்கியபடி. வருசத்துக்கு இரண்டு ஈத்து, விடாமல். "போன முறை ஏழு குட்டி தம்பி" என்றா அந்த அம்மா. நாலு விற்றதாம். மிச்சம் மூன்றும்? "அதுகள் சிவலை. சிவலை விலைபோகாதெண்டு காட்டுக்கரையில விட்டிட்டான்."

நான் தொலைபேசியில் முதல் கேட்ட கேள்வியே "நல்ல சாம்பல் நிறம்தானே தம்பி?" என்பதுதான்.

காசு வராது. முறைப்பாடு கொடுத்தேன், எழுத்தில் ஒன்றும் இல்லையே என்று கேட்டார்கள், பிழை சொல்ல ஏலாது. நீங்கள் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பகலில் போங்கள், தாயைக் காட்டாவிட்டால் திரும்பி வாருங்கள், வெள்ளைத் துணியை நனைத்துக் குட்டியின் முதுகில் தேய்த்துப் பாருங்கள், அட்டையில் வைத்தியரின் முத்திரை இருந்தால் அவருக்கே எடுத்துக் கேளுங்கள். காவலுக்கு வேண்டுமென்றால் ஊர்க் குட்டி ஒன்று போதும், காசும் இல்லை. கட்டாக்காலியாகத் திரிகிறது எத்தனை.

ரோமு பிழைத்துவிட்டது. டை உதிர உதிர அதுவும் சிவலையாகத்தான் வந்தது, வால் வட்டமாகச் சுருண்டுவிட்டது. பகல் முழுக்கக் கிணற்றடிக் குழி. இரவில் குளத்துப் பக்கம் நரி ஊளையிட்டால் இதுவும் கழுத்தை நீட்டிப் பதில் சொல்கிறது, அம்மா உள்ளே இருந்து பேசுவா. பன்றி வந்தால் மட்டும் சத்தமில்லை.

போன கிழமை அதே ஆள் வேறு பெயரில் புதுக் குட்டிகளின் படம் போட்டிருக்கிறான். இந்த முறை 60 வீதமாம், விலை ஒன்றேகால் லட்சம். படத்தைப் பெரிதாக்கி வலதுபக்க மூலையைப் பாருங்கள், அந்த நீலத் தகரம் தெரியும்.