அமெரிக்க நூலகச் சங்கத்தின் வழிகாட்டிகள்: எங்கள் பட்டணத்தில் எடுபட்டதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது இலவசம். சிகாகோவில் இருக்கும் அமெரிக்க நூலகச் சங்கம், 1876-இல் தொடங்கியது, பொது நூலகங்களுக்காகப் பரிந்து பேச நினைக்கிறவர்களுக்கென்று வழிகாட்டிகளை இணையத்தில் குவித்து வைத்திருக்கிறது. மக்கள் பிரதிநிதிக்கு என்ன எழுதுவது, பத்திரிகைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று எல்லாம் உண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கிற எங்கள் பட்டணத்து வாசகர் வட்டம் இதைக் கையில் எடுத்ததற்குக் காரணம் இங்குள்ள சின்ன நூலகத்தின் தமிழ் அலமாரி. இரண்டே தட்டு. ஒன்றில் பழைய தேர்வுப் பயிற்சி நூல்கள், யாரோ பென்சிலால் விடை எழுதி அரைகுறையாய் அழித்தவை. இன்னொன்றில் ஈரத்தில் உப்பிப்போன நாவல்கள், தேதி முத்திரை குத்தும் தாள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கிறது. மற்றபடி கட்டடம் சுத்தம், ஏர்கான் உண்டு, முகப்பில் இருக்கும் அக்கா தங்கமான மனுஷி. அவரிடம் சண்டை போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, புத்தகம் வாங்குவது அவர் கையில் இல்லை.

வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது, நூலகர் மட்டும் பேசினால் போதாது, நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களும் வாய் திறக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வதுதான். சரியான பேச்சு. சம்பளம் வாங்குகிறவர் கேட்டால் தன் வேலைக்காகக் கேட்கிறார் என்பார்கள், போதாக்குறைக்கு நம் ஊரில் அரசு ஊழியர் வெளியே நின்று கேட்கவும் முடியாது.

அப்புறம் கடிதம். எங்கள் முதல் கடிதத்தைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள், ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற அந்தக் காலத் துண்டாடலில் ஆரம்பித்து தமிழ்ப்பள்ளி வழியாக மொழி வாழ்த்து வரைக்கும் பக்கம் பக்கமாக ஓடியது, புத்தகம் வேண்டும் என்ற வரி கடைசிக்கு முந்தைய பத்தியில் ஒளிந்திருந்தது. கேட்பது ஒன்றாக இருக்கட்டும், அதற்கு ஒரு மனிதரின் கதையைச் சொல் என்கிறது வழிகாட்டி. எல்லாவற்றையும் வெட்டி மலாயில் ஒரே பக்கமாக்கினோம். கேட்டது ஒன்றுதான்: ஆண்டுதோறும் சிறுவருக்கும் பெரியவருக்கும் புதிய தமிழ் நூல்கள். கதை, முன்பு பால்மரம் சீவிய ஒரு பாட்டியுடையது. பேத்தியை உள்ளே விட்டுவிட்டு அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், தனக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பார். கடிதத்தில் நான் திருத்தாமல் விட்டது அந்த ஒரு பத்திதான்.

குறை என்று பார்த்தால், இது முழுக்க அவர்கள் நாட்டுக்குத் தைத்த சட்டை. அங்கே நூலகத்துக்குப் பெரும்பகுதி பணம் உள்ளூர் வரியிலிருந்து வருகிறது, பல இடங்களில் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு நூலக வரியை முடிவு செய்கிறார்கள். நமக்கு அப்படியில்லை. வட்டத்தில் பாதிப் பேர் நாடாளுமன்ற உறுப்பினரிடம் போகலாம் என்றார்கள், ஆனால் நூலகம் நம் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மாநிலத்துக்கு மாநிலம் தனி நூலக அமைப்பு. ஆக, தட்ட வேண்டியது சட்டமன்ற உறுப்பினரின் கதவை. கிராம நூலகமென்றால் தேசிய நூலகத்தின் பக்கமும் போக வேண்டியிருக்கும். இதை எந்த வழிகாட்டியும் சொல்லித் தராது, நாமாகத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான். எல்லாம் ஆங்கிலம் என்பது இன்னொரு தொல்லை.

ஆனால் வெறும் பேச்சுச் சங்கம் என்று ஒதுக்கவும் முடியவில்லை. 1945-இல் வாஷிங்டனில் ஓர் அலுவலகம் போட்டு விடாமல் நச்சரித்து, 1956-இல் நூலகச் சேவைச் சட்டம் வருவதற்குத் துணை நின்றவர்கள். அந்தச் சட்டத்தின் பணம் முதலில் 10,000 பேருக்குக் குறைவாக வாழும் ஊர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது, அதாவது எங்களைப் போன்ற பட்டணங்களுக்கு. 2025 மார்ச்சில் நூலகங்களுக்குக் கூட்டாட்சி நிதி தரும் அமைப்பைச் சுருக்க அதிபரின் உத்தரவு வந்ததும் நீதிமன்றத்துக்கே போனார்கள்.

இதற்கெல்லாம் சிகாகோ வரை போக வேண்டுமா என்று வட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனும் நண்பர்களும் 1928-இல் சென்னை நூலகச் சங்கத்தைத் தொடங்கி, ஏறக்குறைய இருபது ஆண்டு கேட்டுக் கேட்டு 1948-இல் பொது நூலகச் சட்டத்தை வாங்கினார்கள். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிற ஏற்பாடு அந்தச் சட்டத்தில் வந்தது. நம் நாட்டு நூலகர் சங்கத்துக்கும் 1955 தொட்டு வரலாறு உண்டு. மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் இப்படி ஒரு பக்கத் தாளை அவர்கள் போட்டால் நகல் எடுத்து ஒட்டுக்கடை ஒட்டுக்கடையாகக் கொடுக்க நான் தயார்.

மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. கடிதம், பேச்சு பற்றிய பகுதிகளை மட்டும் படியுங்கள், ஓட்டு, பிரச்சாரம் பற்றியவற்றைத் தள்ளிவிடலாம். பலனா? சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தி, "தெங்கோக் டுலு" என்றார்கள், அதாவது மலாயில் 'முதலில் பார்க்கலாம்'. நூலகத்து அக்கா புத்தகப் பரிந்துரைப் படிவம் ஒரு கட்டு கொடுத்திருக்கிறார், தலைப்பும் பதிப்பகமும் எழுதி நிரப்பிக்கொண்டிருக்கிறோம். கேட்டது கிடைத்தபின் நன்றிக் கடிதம் எழுதச் சொல்கிறது வழிகாட்டி, அந்தப் பக்கத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை.