விறகுக்கு ஒரு மச்சுக் கத்தி: மூன்று ஆண்டுப் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

கேஸ் அடுப்பு வந்து இருபது ஆண்டுகளாகியும் எங்கள் வீட்டில் ராகிக் களி கிண்டுவது விறகு அடுப்பில்தான். அம்மா இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. களிக்குத் தீ ஒரே சீராக எரிய வேண்டும். அதற்கு விறகு இரண்டு விரல் கனத்துக்குமேல் இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. பெரிய கட்டையை நான்காகப் பிளக்கக் கோடாலி போதும். அந்த நான்கை எட்டாக்கவும் எட்டைப் பதினாறாக்கவும் கோடாலி சரிப்படாது. மெலிந்த துண்டு தானாக நிற்காமல் சாயும். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கோடாலியை ஓங்கினால் விரல் போய்விடும். இந்த இடத்துக்குத்தான் கனமான ஒரு வெட்டுக்கத்தி தேவைப்படுகிறது. எங்கள் பக்கம் அதை மச்சு என்போம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுபவர்களுக்கும் அது மச்சுதான். சேலத்து உறவினர்கள் கொடுவாள் என்பார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. பெரும்பாலும் தோத்தாபுரி, ஓரத்தில் கொஞ்சம் செந்தூரா. அறுவடை முடிந்ததும் கவாத்து செய்வோம். அதில் விழும் மூன்று முதல் ஐந்து அங்குலக் கிளைகள்தான் ஆண்டு முழுவதற்கும் விறகு. வேலியோரம் சீமைக்கருவேலம் உண்டு. கோடைக் காற்றில் சாய்ந்த ஒரு புளியமரத்தின் கட்டைகளும் கிடந்தன. இவற்றுக்காக மூன்று கத்திகள் வாங்கினேன். முதல் இரண்டும் சரிவரவில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

முதலில் வாங்கியது சந்தைக் கத்தி. பதினான்கு அங்குல நீளம், மூன்று மில்லிமீட்டர் தகடு. கையில் எடுத்தால் காற்றைப் போல லேசாக இருந்தது, அதனாலேயே பிடித்துப்போனது. உண்ணிச்செடிப் புதரை அழிக்க அதற்கு இணையே கிடையாது, இன்றும் அதற்கு அதைத்தான் எடுக்கிறேன். கட்டையில் வைத்து, கத்தியின் முதுகில், அதாவது வெட்டாத தடித்த பக்கத்தில், அடித்தபோது நன்றாகவே உள்ளே இறங்கியது. ஆனால் மரம் பிளக்கவில்லை. இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டது. பிடுங்குவதற்காகத் திருகினேன், அலகு வளைந்துவிட்டது.

மெல்லிய தகடு கூடாது என்று முடிவுசெய்து அடுத்ததை இணையத்தில் வாங்கினேன். ஆறு மில்லிமீட்டர் முதுகு, துருப்பிடிக்காத எஃகு, ரப்பர் பிடி, அழகான உறை. விலை மூவாயிரத்துக்குமேல். முதல் வாரம் அதைக்கொண்டு தாளை நறுக்கிக் காட்டினேன். இரண்டாம் மாதம் காய்ந்த புளியங்கிளையில் ஒரு கணுவை வெட்டியபோது சின்னச் சத்தம் கேட்டது. கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், நகக்கண் அளவுக்கு ஒரு பிறை பெயர்ந்து காணாமல் போயிருந்தது. சில வாரங்களில் பிடியும் ஆடத் தொடங்கியது. பிரித்துப் பார்த்தால் கத்தியின் காம்பு பிடிக்குள் பாதி தூரம்கூடப் போகவில்லை.

இரண்டு கத்தியையும் திண்ணையில் வைத்து நெடுநேரம் பார்த்தேன். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டும் அருமையான கத்திகள். கடையிலும் இணையப் படத்திலும் நாம் அப்படித்தான் பார்க்கிறோம்: நீளம், அகலம், முனையின் வளைவு. முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, முதுகிலிருந்து வாய் வரை அது எப்படி மெலிந்து இறங்குகிறது என்று பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. மரத்தைப் பிளப்பது ஆப்பின் வேலை. வாய் ஒரு கோடு கிழித்துக் கொடுத்தால் போதும். அதற்குப் பின்னால் வரும் கனம்தான் நாரைப் பிரித்துத் தள்ளுகிறது. சந்தைக் கத்தியில் தள்ளுவதற்குக் கனமே இல்லை. இணையக் கத்தியின் முதுகு தடித்திருந்தாலும் வாயை ஒட்டிய பகுதியை இரு பக்கமும் குழிவாகக் கடைந்திருந்தார்கள். தாளை வெட்ட அது நல்லது. காய்ந்த கணுவின் முன்னால், பின்பலம் இல்லாத மெல்லிய கண்ணாடி விளிம்பைப் போல உடைகிறது. விறகுக் கத்தியின் பக்கங்கள் முதுகிலிருந்து சீராக இறங்கி, வாய்க்குச் சற்று முன் லேசாக உப்பியிருக்க வேண்டும். இந்த ஒன்றைக் கவனித்தால் பாதி ஏமாற்றம் தவிரும்.

வேறு வடிவங்களையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பாவிடம் குக்ரி என்ற நேபாள வளைகத்தி இருக்கிறது. எடை முன்பக்கம் இருப்பதால் வெட்டு அபாரமாக விழுகிறது, கிளை கழிக்கத் தங்கமான கருவி. ஆனால் கட்டையில் வைத்து முதுகில் அடிக்க, வளைந்த முதுகு நேரான இடம் தருவதில்லை; அடி வழுக்குகிறது. திருப்பாச்சேத்தி அரிவாள் போன்ற கொக்கி முனை கிளையை இழுத்து வெட்டுவதற்கானது, பிளக்கும்போது முனை அடிக்கட்டையில் போய்க் குத்திக்கொள்கிறது. என் வேலைக்கு நேர் முதுகு வேண்டும்.

மூன்றாவதை பர்கூர் சாலையில் உள்ள ஒரு கொல்லுப்பட்டறையில் செய்யச் சொன்னேன். 2022 மே மாதம். தொகரப்பள்ளி அருகே மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று சட்டமன்றத்தில் அறிவித்த செய்தியை அந்த வாரம்தான் பட்டறை வாசலில் இருந்த நாளிதழில் படித்தேன். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் இரும்பைக் கையாண்டிருக்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே உலை எரிகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பட்டறைப் பெரியவர் நீளத்தைக் கேட்கவே இல்லை. "எந்த மரம் தம்பி?" என்றுதான் கேட்டார். சொன்னேன். பிறகு என் வலது கையை விரிக்கச் சொல்லி உள்ளங்கையை அளந்தார். மூலையில் கிடந்த பழைய லாரிப் பட்டைகளில் ஒன்றை எடுத்து அடைகல்லில் தட்டிக் கேட்டுவிட்டு ஒதுக்கினார். அதில் மயிரிழை விரிசல் இருந்தது. லாரியின் வில் பட்டை பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் வளைந்து நிமிர்வதற்காகச் செய்த எஃகு. அதில் கார்பன் சுமார் 0.6 சதவீதம் இருக்கும். அடி தாங்கும் கத்திக்கு அதைவிடப் பொருத்தமானது சுலபத்தில் கிடைக்காது. ஆனால் ஓடி ஓடிக் களைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். அதனால் பட்டையைத் தட்டிப் பார்க்காமல் எடுக்கும் பட்டறையில் கத்தி செய்யாதீர்கள்.

அவர் மனைவி துருத்திச் சக்கரத்தைச் சுற்றினார், சம்மட்டியும் அவர்தான் அடித்தார். தட்டி முடித்து அரம் போட்டு வடிவம் வந்த பிறகு தோய்ச்சல், அதாவது காய்ச்சி நனைத்துக் கடினமாக்குவது. நான் மிக நெருக்கமாக நின்று பார்த்தது இதைத்தான். வாயைப் பழுக்கக் காய்ச்சி, வாய்ப்பக்கம் மட்டும் எண்ணெயில் இறக்கினார். முதுகில் சூடு மிச்சம் இருக்கும்போதே வெளியே எடுத்து, வாயோரத்தைச் செங்கல் துண்டால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். முதுகின் சூடு மெல்ல வாய்க்கு இறங்க இறங்க, வெள்ளையாக இருந்த விளிம்பில் வைக்கோல் நிறம் படர்ந்தது. அது பழுப்பாகி, ஊதா எட்டிப்பார்த்த கணத்தில் சட்டென்று முழுவதையும் தண்ணீரில் அமிழ்த்தினார். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் வரும், நீலம் 300ஐ ஒட்டி வரும். வைக்கோலிலேயே நிறுத்தினால் கூர்மை நிற்கும், ஆனால் கணுவில் பெயரும். நீலம் வரை விட்டால் பெயராது, சீக்கிரம் மழுங்கும். விறகு வெட்ட நடுவில் நிறுத்த வேண்டும். வெப்பமானி இல்லாமல் கண்ணாலேயே அந்த இடத்தைப் பிடித்தார்.

வீட்டில் நீங்களே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. புது அரத்தை வாயில் லேசாக ஓட்டுங்கள். கண்ணாடிமேல் போவது போல வழுக்கினால் எஃகு அளவுக்குமீறிக் கடினம். வெண்ணெயில் போல ஆழமாகக் கடித்தால் மென்மை. கொஞ்சம் முரண்டுபிடித்துவிட்டுக் கடிக்க வேண்டும்.

பிடி கருவேல மரம். காம்பு பிடியின் உள்ளே முழுவதும் ஓடி, கடைசியில் வெளியே வந்து தட்டி மடக்கப்பட்டிருக்கிறது. முன்பக்கம் இரும்புப் பூண். பிடியின் முடிவில் சிறு புடைப்பு வைத்திருக்கிறார், வியர்த்த கையில் நழுவாமல் இருக்க அது போதும். அலகு பதினோரு அங்குலம், முதுகு ஏழு மில்லிமீட்டர், மொத்த எடை 950 கிராம். கொடுத்தது 1,100 ரூபாய். வாங்குபவரின் பெயர், முகவரி, தேவை ஆகியவற்றைப் பட்டறைகள் குறித்துவைக்க வேண்டும் என்று 2021இல் காவல்துறை அறிவுறுத்தியதிலிருந்து அவர் நோட்டு வைத்திருக்கிறார். நானும் எழுதிக் கையெழுத்திட்டேன். விவசாயத்துக்கும் வீட்டு வேலைக்கும் செய்த கருவிதான் என்றாலும், சாக்கில் சுற்றிக் கட்டாமல் வண்டியிலோ பஸ்ஸிலோ எடுத்துப்போகாதீர்கள்.

இனி மூன்று ஆண்டு உழைப்பைப் பற்றி. மூன்று அங்குலப் பச்சை மாங்கிளை ஆறேழு வெட்டில் விழுகிறது. நேராக வெட்டக் கூடாது; இரு பக்கமும் சாய்த்து வெட்டிச் சிம்பு தெறிக்க வேண்டும். பிளக்கும்போது கட்டையின் நடுவில் வைக்காமல், காய்ந்த வெடிப்பு ஏற்கெனவே எந்தத் திசையில் ஓடுகிறதோ அதன்மேல் வைக்கிறேன். கணு இருக்கும் முனையைக் கீழே போட்டு, நல்ல முனையில் தொடங்குகிறேன். முதுகில் அடிப்பது மரக்கட்டையால் மட்டும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் முதுகு பிசிறும், சில் தெறித்துக் கண்ணில் படும். அலகு உள்ளே போன பிறகு அடிப்பதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை வேண்டும் என்பதால், பதினோரு அங்குல அலகுக்கு ஏழு அங்குலக் கட்டைதான் எல்லை. அதற்குமேல் போனால் ஆப்பும் சம்மட்டியும்தான்.

புளியமரம் வேறு கதை. கறிக்கடையில் வெட்டும் கட்டை ஏன் புளியமரத்தில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நார் பின்னிப் பின்னிப் போவதால் எத்தனை வெட்டு விழுந்தாலும் பிளக்காது. அதனுடன் மல்லுக்கட்டி ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன். இந்த மச்சின் வாய் பெயரவில்லை, இரண்டு இடத்தில் இலேசாக மடங்கியது, அரத்தால் சரிசெய்தேன். ஆனாலும் தடித்த புளியங்கட்டையை இனி எந்தக் கத்தியாலும் தொட மாட்டேன். தைலமரமும் சீமைக்கருவேலமும் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட்டால் பாதி உழைப்பு மிச்சம்.

குறைகளும் உண்டு. முக்கால் மணி நேரத்துக்குமேல் வேலை செய்தால் மணிக்கட்டு வலிக்கிறது. புதருக்கு இது உதவாது. துருவும் பிடிக்கிறது; மாம்பால் பட்டு ஓர் இரவு விட்டால் கறுத்துப்போகும். வேலை முடிந்ததும் சாம்பல் போட்டுத் தேய்த்து, விளக்கெண்ணெய் தடவி வைக்கிறேன்.

முதல் கோடையிலேயே பிடி சுருங்கி ஆடியது. இரவு முழுதும் தண்ணீரில் ஊறப்போட்டேன்; இறுகியது, இரண்டு வாரத்தில் முன்பைவிட அதிகமாக ஆடியது. பட்டறைக்கே கொண்டுபோய் அரக்கு ஊற்றி இறக்கிய பிறகு இன்றுவரை அசையவில்லை.

எல்லாவற்றையும்விட வலித்தது 2023இல் நடந்தது. தெருவில் மின் சாணை கொண்டுவந்த ஒருவரிடம் கொடுத்தேன். தீப்பொறி பறக்க ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தார். வாங்கிப் பார்த்தபோது வாயின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு மயில்கழுத்து நீலம். பட்டறையில் அத்தனை பொறுமையாகப் பார்த்துப் பார்த்து நிறுத்திய பதம் பத்து விநாடியில் போய்விட்டது. அந்த இடம் மட்டும் அடுத்த வெட்டிலேயே மடங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து அரமும் தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் கல்லும்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் போதும்.

போன மாதம் அந்த நீலத்தைக் காட்டப் போனேன். பெரியவர் வாயில் விரல் ஓட்டிப் பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். வாங்கியபோது 55 மில்லிமீட்டர் இருந்த அகலம் இப்போது 52. "இன்னும் இரண்டு தடவை காய்ச்சித் தட்டலாம், இரும்பு இருக்கிறது" என்றார் அந்த அம்மா, துருத்திச் சக்கரத்தில் கையை வைத்தபடி.