யாருடைய வேகத்தில் மூழ்குவது? வழிகாட்டியோடு, இணையோடு, தனியாக

கடலடியில், பாறை இடுக்கில் ஒரு கணவாய் மீன் நிறம் மாற்றிக்கொண்டிருந்தது. பழுப்பு வெளுத்தது, வெளுப்பின் மேல் வரிகள் ஓடின, வரிகள் மறைந்து முள்முள்ளாகத் தோல் எழும்பியது. பார்க்கத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. எங்கள் ஸ்கூபா வழிகாட்டி தன் முதுகின் காற்றுச் சிலிண்டரைக் கம்பியால் தட்டி, கிளம்பு என்று கைகாட்டினார். குழுவில் மற்ற ஐந்து பேரும் அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் போனேன். அதே டைவில் பிறகு ஒரு சுறாவைப் பார்த்தோம், ஆமையைப் பார்த்தோம். ஆனால் கரைக்கு வந்த பிறகும் பார்த்து முடிக்காத அந்தக் கணவாய்தான் மனத்தில் நின்றது.

அன்றிலிருந்து ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே என்ன மீன் இருக்கிறது என்று பிறகுதான் கேட்கிறேன். அங்கே யாருடைய வேகத்தில் நீந்தப்போகிறேன் என்பதுதான் முதல் கேள்வி. அடிப்படைச் சான்றிதழ் பெற்ற ஒருவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: வழிகாட்டி நடத்தும் படகு டைவ், ஓர் இணையோடு (நீருக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் கூட்டாளியோடு) கரையிலிருந்தே இறங்கும் டைவ், போதிய அனுபவத்துக்குப் பிறகு தனியாக மூழ்குவது. சான்றிதழ் இல்லாமல் 12 மீட்டருக்குள் அழைத்துப்போகும் அறிமுக டைவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் நம் சிலிண்டரைப் பிடித்திருக்கும் பயிற்றுநர்தான் நீந்துகிறார்.

வழிகாட்டியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தமானின் ஹேவ்லாக் தீவை (2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு) எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து விமானம், பிறகு கப்பல் என்று ஒரே நாளில் போய்விடலாம். நல்ல டைவ் இடங்கள் பல திறந்த கடலில் இருக்கின்றன. மேலே படகு நிற்கும், கீழே ஒரு பாறைக் குன்று, நடுவில் நீரோட்டம். அந்த ஓட்டம் எந்த நேரத்தில் திரும்பும், குன்றின் எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கலாம் என்பதெல்லாம் பல வருடம் அங்கேயே மூழ்கியவருக்குத்தான் தெரியும். முதல் இருபது, முப்பது டைவ்களுக்கு அப்படி ஒருவர் முன்னால் போவது பெரிய நிம்மதி. மிதப்பைச் சரிசெய்யவும் காற்றளவைப் பார்க்கவும் காதில் ஏறும் அழுத்தத்தை விடுவிக்கவுமே நம் கவனமெல்லாம் போய்க்கொண்டிருக்கும் காலம் அது.

சிக்கல் காற்றில் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று. 50 பாரை இருப்பாக விட்டுவிட்டால் செலவுக்கு 1,650 லிட்டர். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குகிறவருக்கு 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பதால் 40 லிட்டர் போகும். கையில் இருப்பது 41 நிமிடம். 18 மீட்டரில் அது 29 நிமிடமாகிவிடும், 30 மீட்டரில் 20. பதற்றத்தில் இருக்கும் புதியவருக்கு இன்னும் சீக்கிரம் தீரும். குழுவாகப் போனால், யாருக்கு முதலில் தீர்கிறதோ அவருடைய கடிகாரம்தான் பெரும்பாலும் எல்லோருக்கும் கடிகாரம். இது யாருடைய குற்றமும் இல்லை. ஆறு பேரைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டியவர் வேறு எப்படி நடத்த முடியும்?

பணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு இதிலேயே ஒரு நடுவழி உண்டு. வழிகாட்டியைத் தனியாக நமக்கு மட்டும் அமர்த்திக்கொள்ளலாம். நீருக்குள் இறங்கும் முன்பே “எனக்குப் பத்து இடம் காட்ட வேண்டாம், ஒரே பாறையில் நிற்கலாம்” என்று சொல்லிவிட வேண்டும். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். முகம் மலர்ந்து சம்மதித்தவர்கள்தான் அதிகம். ஒரே பாறையை நிதானமாகப் பார்க்க அவர்களுக்கும் ஆசை இருக்கிறது.

இனி கரை டைவ். கரீபியன் கடலில் இருக்கும் பொனேர் தீவுதான் இதற்குப் பேர்போன இடம். சாலையோரத்தில் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் டைவ் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வாடகை வண்டியின் பின்னால் சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு போய், கல்லைப் பார்த்து நிறுத்தி, இணையோடு இறங்கலாம். 1979 முதல் அங்கே கடல் பூங்கா இருக்கிறது. பவளத்தைத் தொடும் ஆசை வராதிருக்கக் கையுறைக்கே தடை.

பொனேர் நமக்குத் தொலைவு. பாலித் தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் துலாம்பென் பக்கம். அமெரிக்க ராணுவத்தின் லிபர்ட்டி சரக்குக் கப்பல் 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலில் சேதப்பட்டு அங்கே கரையேற்றப்பட்டது. 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்தது. இன்று சுமார் 120 மீட்டர் நீளக் கப்பல், கூழாங்கல் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கிடக்கிறது. அந்த ஊர்ப் பெண்கள் சிலிண்டர்களைத் தலையில் சுமந்துகொண்டு அந்தக் கற்களின் மேல் சர்வசாதாரணமாக நடப்பதைப் பார்த்தால் நம் கால்கள் கூசும்.

துலாம்பெனை நான் உயர்த்திப் பிடிப்பதற்கு முக்கியக் காரணம் அதன் தரை அமைப்பு. கப்பலின் மேல்பகுதி 5 மீட்டரில் தொடங்கி, அடிப்பகுதி 30 மீட்டர் வரை சரிகிறது. ஆழத்தை முதலில் பார்த்துவிட்டு மெல்ல ஏறிக்கொண்டே வரலாம். மேலே வர வரக் காற்றுச் செலவு குறையும், நேரம் நீளும். நீர்மட்டத்துக்கு வரும் முன் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று போகும் பாதுகாப்பு நிறுத்தத்தின்போதுகூட மென்பவளமும் மீன்களும் கண்ணெதிரே இருக்கும். ஹேவ்லாக் பக்கத்து டிக்ஸன்ஸ் பினாக்கிள் போன்ற குன்றுகளின் உச்சியே 15 மீட்டருக்கும் கீழே இருப்பதால், அங்கே அந்த நிறுத்தத்தை வெறும் நீலத்தின் நடுவில் கயிற்றைப் பிடித்தபடி கழிக்க வேண்டும். அழகில் டிக்ஸன்ஸ் துளியும் குறைந்ததில்லை. ஆனால் அது நம்மை இருக்க விடுவதில்லை.

கரை டைவின் மதிப்பு முழுவதும் இணையைப் பொறுத்தது. சங்கு குளிக்க இறங்குகிறவன் தன் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பான் என்று நம் கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. தன் தங்கை தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான் என்பது அதன் உள்ளர்த்தம். ஸ்கூபாவில் இருவருமே இறங்குகிறார்கள், இருவருமே ஒருவருக்கொருவர் கயிறும் பிடிக்கிறார்கள். இவ்வளவு நம்பிக்கையை, படகில் பத்து நிமிடத்துக்கு முன் அறிமுகமான அந்நியரிடம் வைக்கச் சொல்வதுதான் நடைமுறை. எனக்கு அது ஒருபோதும் பிடித்ததில்லை. என் மனைவி நத்தைகளைத் தேடுகிறவள், நான் கணவாய்களை. இருவருமே ஒரு பாறையை விட்டு நகர மாட்டோம். எங்கள் காற்றும் ஏறக்குறைய ஒன்றாகவே தீரும். வேகமாக நீந்துகிறவரோடு இணைந்தால் அதே துலாம்பென்கூட ஓட்டப் பந்தயமாகிவிடும்.

அப்படியானால் இணையே வேண்டாமே என்று தோன்றும். அதற்கும் முறையான பயிற்சி இருக்கிறது. எஸ்டிஐ (SDI), பாடி (PADI) ஆகிய பயிற்சி அமைப்புகள் 100 டைவ் பதிவு செய்தவர்களுக்குத் தனி முக்குளிப்புப் பயிற்சி தருகின்றன. தனியான காற்று மூலமாக ஒரு துணைச் சிலிண்டர், உபரி முகக்கண்ணாடி, வலையில் சிக்கினால் அறுக்கக் கத்தி, காற்றை முன்கூட்டியே கணக்கிடும் ஒழுக்கம் எல்லாம் அதில் அடக்கம். நீருக்கடியில் புகைப்படம் எடுக்கிறவர்கள் இந்த வழியை நாடுவதன் நியாயம் எனக்குப் புரிகிறது. நான் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. துணைச் சிலிண்டர் காற்றுத் தீர்ந்தால் உதவும். மயக்கம் வந்தால், நெஞ்சு வலித்தால் அது என்ன செய்யும்? அந்தப் பயிற்சி முடித்த சான்றிதழ் அட்டை கையில் இருந்தாலும் தனியாக இறங்க அனுமதிக்காத மையங்களும் நிறைய.

மாலத்தீவில் படகிலேயே தங்கி மூழ்கும் பயணத்தைப் பற்றிப் பலர் கேட்பதால் ஒரு சொல். கடல் அற்புதம். ஆனால் மணி அடித்தால் இறங்க வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும். பல இடங்களில் ஓட்டம் கடுமை. கூட்டம் கூட்டமாக நீந்தும் மீன்களையும் சுறாக்களையும் தேடுகிறவர் தாராளமாகப் போகலாம். நிதானம் தேடுகிறவருக்கு அது இடமில்லை.

புதிதாகச் சான்றிதழ் வாங்கியவர் என்னிடம் கேட்டால், முதல் வருடம் ஹேவ்லாக்கில் வழிகாட்டியோடு என்றுதான் சொல்வேன். அதற்குள் ஒத்த மனமுள்ள ஓர் இணை கிடைத்துவிட்டால் அடுத்தது துலாம்பென். அங்கே பாலியின் தென்பகுதி விடுதிகளிலிருந்து வரும் கூட்டம் வேன்களில் வந்து இறங்குவதற்குள் பொழுது வெகுவாக ஏறிவிடும். அந்த ஊரிலேயே தங்கினால் ஆறு மணிக்கே நீரில் இருக்கலாம். நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் இரவு முழுதும் கப்பலுக்குள் தூங்கிவிட்டு, அந்த நேரத்தில்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும்.