அப்பாவின் 2003 கேபினட்டுக்குள் புது கம்ப்யூட்டர்: மூன்று வருடத்துக்கும் மேலான அனுபவம்

சிவகாசியில் அப்பா நடத்திய டிடிபி கடைக்கு 2003-ல் வாங்கிய பென்டியம் 4 கம்ப்யூட்டரின் கேபினட் இது. பேஜ்மேக்கரில் அவர் செய்த காலண்டர் டிசைன், கல்யாணப் பத்திரிகை எல்லாம் இந்தப் பெட்டியில் உருவானவைதான். மதர்போர்டு போன பிறகும் பழைய இரும்புக்குப் போட மனம் வராமல் பரணில் ஏற்றி வைத்திருந்தேன். 2022 பொங்கல் முடிந்து கடைக்குப் புது மெஷின் தேவைப்பட்டபோது அதை இறக்கித் துடைத்தேன். அன்றிலிருந்து தினமும் பத்து மணி நேரம் அதில்தான் வேலை பார்க்கிறேன்.

உள்ளே வைத்தது: ரைசன் 5 5600ஜி பிராசஸர், பி550 சிப்செட் கொண்ட மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 500 ஜிபி என்விஎம்இ ஸ்டோரேஜ், புது 450 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது.

"இருபது வருடப் பெட்டியில் இன்றைய போர்டு எப்படி உட்காரும்?" என்று பலர் கேட்டார்கள். மதர்போர்டும் கேபினட்டும் ஒன்றுக்கொன்று பொருந்துவதற்கான ஏடிஎக்ஸ் என்ற பொது அளவை இன்டெல் 1995-ல் வெளியிட்டது. ஸ்க்ரூ ஓட்டைகள் இருக்கும் இடம், பின்பக்க போர்ட்டுகளுக்கான ஜன்னல், எஸ்எம்பிஎஸ் முகத்தின் 150-க்கு 86 மி.மீ. அளவு எதுவும் அதற்குப் பிறகு மாறவில்லை. முழு ஏடிஎக்ஸ் போர்டு 305-க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244-க்கு 244. சின்னது பெரியதன் ஓட்டைகளையே பெரும்பாலும் பகிர்ந்துகொள்ளும். என் போர்டு முதல் முயற்சியிலேயே பொருந்தியது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பழைய போர்டுக்காக முறுக்கி வைத்த பித்தளை ஸ்டாண்டாஃப்களில் (போர்டைத் தகட்டில் படாமல் தூக்கிப் பிடிக்கும் குட்டித் தூண்கள்), புது போர்டின் ஓட்டைக்கு நேராக வராதவற்றைக் கழற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் போர்டின் அடியில் சால்டரைத் தொட்டு ஷார்ட் ஆகும்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் யாரும் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். என்னுடையதில் 20 பின் கனெக்டர்தான் இருந்தது, இன்றைய டிரைவ்களுக்கு வேண்டிய சாட்டா பவர் வயரே இல்லை, கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. ஆசைக்குப் பெட்டியை வைத்துக்கொள்ளலாம், கரண்ட் விஷயத்தில் ஆசைப்படக்கூடாது.

முன்பக்க பட்டன், லைட்டுகளின் வயர்களைப் போர்டில் செருகுவதில்தான் எனக்கு ஒரு முழு ஞாயிறு போனது. பவர் எல்இடியின் சாக்கெட் அந்தக் காலத்தில் மூன்று ஓட்டை கொண்டது, நடு ஓட்டை காலி. இன்றைய போர்டில் அதற்கு அடுத்தடுத்து இரண்டே பின். தையல் ஊசியால் பிளாஸ்டிக் நாக்கை லேசாகத் தூக்கினால் உள்ளிருக்கும் தகரப் பின் உருவிக்கொண்டு வரும், நடு ஓட்டைக்கு மாற்றிச் செருகிவிடலாம். வெட்டவோ சால்டர் வைக்கவோ வேண்டியதில்லை.

யுஎஸ்பியில் அடி வாங்கினேன். இப்போதைய கேபினட்டில் யுஎஸ்பி வயர்கள் ஒரே பிளக்காக வரும். இதில் ஒவ்வொரு வயரும் தனித்தனி. நிறத்தை நம்பிச் செருகினேன், ஆனால் இந்தக் கேபினட்டின் சிவப்பும் கறுப்பும் வழக்கத்துக்கு மாறாக இருந்திருக்கின்றன. ஐந்து வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி, வாடிக்கையாளர் ஒருவரின் பென்டிரைவ் என் கண்முன்னே சூடாகிச் செத்தது. அவருடைய ஃபைல் என் மெயிலில் இருந்ததால் மானம் தப்பியது. மல்டிமீட்டரில் வயர் வயராகப் பார்க்காமல் முன்பக்க யுஎஸ்பியை இணைக்கவே வேண்டாம்.

ஆனால் இந்தப் பெட்டியோடு நான் உண்மையில் மல்லுக்கட்டியது வெப்பத்தோடுதான். பெட்டியின் முன்முகம் முழுக்க மூடிய பிளாஸ்டிக். அடியில் மெல்லிய கீறல் போல ஒரு வழி, பின்னால் 80 மி.மீ. ஃபேன் ஒன்று, அவ்வளவுதான் காற்றோட்டம். எஸ்எம்பிஎஸ் மேலே தொங்குகிறது, அதன் ஃபேன் பிராசஸரின் சூட்டைத்தான் உறிஞ்சுகிறது. சிவகாசி மே மாதத்தில், கனமான காலண்டர் ஃபைல் ஏற்றுமதி ஆகும்போது 91 டிகிரியைப் பார்த்தேன். இந்த பிராசஸரின் உச்ச வரம்பு 95. அதைத் தொட்டால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரிய டவர் கூலர் போடலாம் என்றால் பெட்டியின் அகலம் 18 செ.மீ.தான், எஸ்எம்பிஎஸ்ஸும் இடிக்கும்.

தீர்வு சிடி டிரைவ் வைக்கும் இடத்தில் கிடைத்தது. ஐந்தேகால் இன்ச் அடுக்குகள் மூன்றைச் சேர்த்தால் 120 மி.மீ. ஃபேன் ஒன்று செங்குத்தாக நிற்க இடம் வரும். இந்தப் பெட்டியில் நான்கு அடுக்குகள். கீழ் மூன்றின் மூடிகளைக் கழற்றினேன், பின்னால் இருந்த தகட்டை முறித்து எடுத்தேன். எங்கள் ஊரில் பயன்படுத்திய ஆஃப்செட் பிளேட்டுக்குப் பஞ்சமில்லை. அந்த மெல்லிய அலுமினியத்தை வெட்டி ஃபேனைச் சுற்றி அடைத்தேன், காற்று பக்கவாட்டில் ஒழுகாமல் நேராக பிராசஸர் பக்கம் போகும்படி மடக்கியும் விட்டேன். அலுமினியம் கரண்டைக் கடத்தும், ஓரம் கையையும் கிழிக்கும் என்பதால் விளிம்பெல்லாம் இன்சுலேஷன் டேப். தூசிக்கு முதலில் ஸ்க்ரீன் பிரிண்டிங் துணியைக் கட்டிப் பார்த்தேன். தூசி வரவில்லை, காற்றும் வரவில்லை. அதை எடுத்துவிட்டு நைலான் கொசுவலை போட்டேன். அதே வேலை, அதே மே வெயில், 77 டிகிரி. பதினான்கு டிகிரி குறைந்ததைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் புது கம்ப்யூட்டர் வாங்கியபோதுகூட வரவில்லை.

பின்பக்க 80 மி.மீ. ஃபேன் மட்டும் இன்றும் இரைகிறது. சின்ன ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ள வேகமாகச் சுழல வேண்டும், வேறு வழியில்லை. பயாஸில் (போர்டின் செட்டிங்ஸ் திரை) அதன் வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன்.

வயர்களை ஒளித்து வைக்க இடமே இல்லை. போர்டு தகட்டுக்குப் பின்னால் ஒரு விரல்கூட நுழையாது. மிஞ்சிய வயர்க்கட்டு ஃப்ளாப்பி டிரைவ் இருந்த குழிக்குள் அடங்கியிருக்கிறது. பவர் பட்டன் 2024-ல் சரியாக அழுந்தாமல் போனது. போர்டில் ரீசெட் பட்டனின் வயரை பவர் பின்னில் செருகிவிட்டேன், இப்போது ரீசெட்தான் ஆன் செய்கிறது. இரண்டும் ஒரே வகை ஸ்விட்ச் என்பதால் எந்தக் கோளாறும் இல்லை.

பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். ஹார்டுடிஸ்க் கூண்டு ரிவெட் அடித்து நிற்கிறது, கழற்றி இடம் பண்ண முடியாது. என் பெட்டியில் கார்டுக்கு 24 செ.மீ.தான் கிடைக்கும், அந்தச் சூட்டை வெளியே தள்ளவும் வழியில்லை. அலுவலக வேலை, டிசைன் வேலை, படிப்புக்கு என்றால் தாராளமாகச் செய்யலாம். தகடு கனமானது, மேலே பிரிண்டரையே வைத்திருக்கிறேன், அசையவில்லை.

முன்முகம் மஞ்சளாகிவிட்டது. வெயிலில் வைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு தடவினால் வெளுக்கும். ஆனால் ஆயுத பூஜைக்கு அப்பா வைத்த சந்தனமும் குங்குமமும் பிளாஸ்டிக்கில் ஏறிக் கறையாக நிற்கின்றன. அதை நான் தொடவில்லை.

நான்காவது அடுக்கில் டிவிடி ரைட்டர் இருக்கிறது. இன்று கடையில் கிடைக்கும் புது கேபினட்டுகள் பலவற்றில் அந்த இடமே கிடையாது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் அப்பா எரித்துக் கொடுத்த சிடியோடு இன்னமும் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், "அதே சாமி படம், அதே எழுத்து வேணும்" என்று. செருகிய சிடி படிக்கிறதா என்று இருவருமாகப் பார்த்துக்கொண்டிருப்போம். போன வாரம்கூட ஒன்று படித்தது.