சனிக்கிழமை பி.டி. வகுப்பு: என் மகன் முதன்முதலாகத் தோற்றுவிட்டு வந்த இடம்

கோவையில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக ஒரு டீச்சர் சனிக்கிழமைதோறும் நடத்தும் பி.டி. வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து. குறைகளும் இருக்கின்றன, கீழே எழுதியிருக்கிறேன், அதையும் படித்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மகனுக்குப் பதினொரு வயது, செரிப்ரல் பால்சி (மூளை முடக்குவாதம்), சக்கர நாற்காலி. விரல்கள் இறுகி மடங்கியே இருக்கும், ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் பிடிப்பதும் கஷ்டம், பிடித்ததை விடுவது அதைவிடக் கஷ்டம். பேச்சு மெதுவாக வரும். கணக்கில் புலி. சாதாரணப் பள்ளியில்தான் படிக்கிறான், அங்கே வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட். அந்த இரண்டு பீரியடிலும் மற்ற பிள்ளைகளின் வாட்சையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பதுதான் அவன் வேலை. நாலு வருஷம் அப்படியே போயிற்று. ஆண்டு விளையாட்டு விழாவில் அவனையும் மேடைக்குத் தள்ளிக்கொண்டு போய் ஒரு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள், அவன் அதை வீட்டுக்கு வந்ததும் என்னிடம் நீட்டிவிட்டு "நான் எதுலயும் விளையாடலையே அம்மா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பள்ளியில் போய்க் கேட்டேன். "பாவம், பிள்ளையை ஏன்மா சிரமப்படுத்தணும்" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, எனக்கும் தெரியும். ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஐ எடுத்துப் படித்துப் பாருங்கள், 16ஆவது பிரிவில், பிள்ளையைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொண்டு, படிப்பில் மட்டுமில்லாமல் விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்புத் தர வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. பாவம் பார்த்து மரத்தடியில் உட்கார வைப்பதற்கு அதில் இடமில்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். எங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் இந்த டீச்சரைத் தெரியும். கோவையில், சிங்காநல்லூர் தாண்டி ஒரு பள்ளியின் மைதானத்தையும் அதை ஒட்டிய ஹாலையும் சனிக்கிழமை காலை ஏழிலிருந்து ஒன்பது வரை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார். உடற்கல்வி படித்தவர், பிறகு சிறப்புக் கல்வியும் படித்திருக்கிறார். மாதம் எண்ணூறு ரூபாய். கட்ட முடியாதவர்களிடம் வாங்குவதில்லை, யார் கட்டுகிறார்கள், யார் கட்டவில்லை என்று இத்தனை நாளில் எங்கள் யாருக்குமே தெரியாது.

முதல் நாள் நான் பெரிய ஃபைலோடு போயிருந்தேன். அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாற்காலியில் இருக்கும் பிள்ளையின் முகம் தன் முகத்துக்கு நேரே வரும்படி நகர்ந்துகொண்டு, அவனிடமே கேட்டார்: "தம்பி, உனக்கு விளையாட்டுல என்ன பிடிக்கும் சாமி?" அவனுக்கு ஒரு வார்த்தை வெளியே வர நேரம் ஆகும். வழக்கம்போல நான் அவனுக்காக வாயைத் திறந்தேன். டீச்சர் என் பக்கம் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி நிறுத்தினார். அரை நிமிஷம் இருக்கும். "ஜெயிக்க" என்றான்.

அதற்கு அப்புறம்தான் என்னிடம் வந்தார். வலிப்பு வருமா, கடைசியாக எப்போது வந்தது, எந்த மாத்திரை, எத்தனை மணி நேரம் தொடர்ந்து உட்காருவான், புட்டத்தில் புண் வந்ததுண்டா, குளிரில் கை கால் இன்னும் இறுகுமா என்று வரிசையாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நாங்கள் பார்த்த எந்தப் பள்ளியிலும் இதில் ஒரு கேள்வியைக்கூடக் கேட்டதில்லை.

அவனுக்கு அவர் தேர்ந்தெடுத்த விளையாட்டு போச்சியா. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், நானும் கேள்விப்பட்டதில்லை. சிறுவயதில் நாம் கோலிக்குண்டைக் குறி வைத்து உருட்டியதன் பெரிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைப் பந்தை முதலில் உருட்டி விடுவார்கள். ஒருவருக்கு ஆறு சிவப்பு, எதிராளிக்கு ஆறு நீலம். யாருடைய பந்து வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அவருக்குப் பாயிண்ட், எதிராளியின் மிக நெருங்கிய பந்தைவிட எத்தனை பந்து பக்கத்தில் இருக்கிறதோ அத்தனை பாயிண்ட். கோர்ட் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். 1984லிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் இருக்கிறது, ஒலிம்பிக்கில் இதற்கு ஜோடியான விளையாட்டு கிடையாது. அதாவது வேறு யாருக்கோ செய்த விளையாட்டைக் குறைத்து எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில்லை, இவர்களுக்கென்றே வளர்ந்த விளையாட்டு.

பந்தை எறிய முடியாதவர்களுக்கு ஒரு சறுக்குப் பலகை உண்டு. டீச்சர் பிவிசி குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்து, பழைய கேமரா ஸ்டாண்டின் மேல் கட்டி அவரே செய்திருந்தார். பந்தை மேலே வைத்தால் வேகமாக ஓடும், கீழே வைத்தால் மெதுவாக. அவன் பந்தைப் பிடிக்க வேண்டியதே இல்லை, புறங்கையால் அணைத்து நிறுத்திவிட்டு, குறி சரியாக இருக்கிறது என்று தோன்றும்போது கையை எடுத்தால் போதும். தோல் பந்து செட் விலை அதிகம், அதைப் போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்கு மட்டும் வைத்திருக்கிறார். மற்றவர்களுக்குப் பழைய சாக்ஸில் கேழ்வரகு அடைத்து டெய்லரிடம் தைத்து வாங்கிய பந்துகள்.

சறுக்கை நகர்த்த ஒரு உதவியாள் வேண்டும், அது நான். இதில் ஒரு விதி இருக்கிறது பாருங்கள், இந்த வகுப்பையே எனக்குப் புரிய வைத்தது அதுதான். உதவியாள் கோர்ட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது, பிள்ளை சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். பதினொரு வருஷமாக அவனுக்குப் பதிலாகப் பார்த்து, அவனுக்குப் பதிலாகப் பேசி, அவனுக்குப் பதிலாக முடிவெடுத்துப் பழகிய எனக்கு அன்றைக்கு அவன் முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அவன் கண் என் தோளைத் தாண்டி எங்கேயோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. "இடது. இன்னும். போதும்." என் பின்னால் பந்து உருளும் சத்தமும், அது இன்னொரு பந்தில் "டப்" என்று முட்டுவதும் மட்டும் கேட்கும். நல்ல பந்தா மோசமான பந்தா என்பதை அவன் புருவத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

மூன்றாவது வாரம் முதல் ஆட்டம், நாலு சுற்று, எதிரே சூலூரிலிருந்து வரும் பதின்மூன்று வயதுப் பெண். 6–1 என்று தோற்றான். டீச்சர் சாக்பீஸால் பலகையில் பெரிதாக எழுதினார், ஆறு, ஒன்று. எனக்கு மனசு கேட்கவில்லை, பக்கத்தில் போய் மெதுவாக, "முதல் ஆட்டம்தானே டீச்சர், கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கலாமே" என்றேன். "அக்கா, அவன் எண்ணிக்கிட்டேதான் இருந்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆறுதல் பரிசும் இல்லை, சாக்லேட்டும் இல்லை. அந்தப் பெண்ணும் இவனும் புறங்கையைப் புறங்கையோடு இடித்துக்கொண்டார்கள், ஆட்டம் முடிந்தது.

வரும் வழியெல்லாம் வேனில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் இறக்கும்போது சொன்னான்: "நீ சறுக்கை நான் சொன்னதைவிட அதிகமா நகர்த்துன." கோபமாகச் சொன்னான். யோசித்துப் பார்த்தால் உண்மைதான், அவன் "கொஞ்சம்" என்றபோதெல்லாம் நானாக ஒரு அளவை முடிவு செய்துகொண்டு நகர்த்தியிருக்கிறேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹாலில் சோபாவை ஒதுக்கிவிட்டு, ஒரு விரல் அகலம், இரண்டு விரல் அகலம் என்று எங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துப் பழகினோம். பிள்ளை இப்படி ஒரு விஷயத்துக்காகச் சோறுகூட மறந்து உட்கார்ந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பிசியோவும் இதுவும் ஒன்றா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. பிசியோ தேவை, அதை நிறுத்தாதீர்கள், இந்த டீச்சரும் நிறுத்தச் சொல்வதில்லை. அங்கே கை எவ்வளவு விரிகிறது என்று பார்ப்பார்கள், இங்கே அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் ஆடலாம் என்று பார்க்கிறார்.

மற்ற பிள்ளைகளிடமும் இதே கவனம்தான். பார்வையில்லாத பிள்ளைகளுக்கு ஹாலின் மறுபாதியில் கோல்பால், அதாவது எதிரணி உருட்டும் பந்தைச் சத்தத்தை வைத்தே தடுக்கும் ஆட்டம், உள்ளே மணி வைத்த 1.25 கிலோ பந்து, பக்கத்துக்கு மூன்று பேர். இரண்டாம் உலகப் போரில் பார்வை போன சிப்பாய்களுக்காக 1946ல் உருவான விளையாட்டாம். கோர்ட்டின் கோடுகளுக்குக் கீழே கயிறு வைத்து மேலே டேப் ஒட்டியிருப்பார், பிள்ளைகள் விரலால் தடவி இடம் தெரிந்துகொள்வார்கள். அந்த ஆட்டம் நடக்கும்போது ஹாலில் பெற்றோர் யாரும் மூச்சுவிடக் கூடாது, மணிச் சத்தம் கேட்க வேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்கு விசிலுக்குப் பதில் கொடி. ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு விசில் சத்தம் ஆகாது, அதனால் வகுப்பிலேயே விசில் கிடையாது, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பட அட்டையாகச் சுவரில் மாட்டி வைத்து, முடிந்ததை அவனையே எடுத்துக் கூடையில் போடச் சொல்கிறார். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளை டாக்டரிடம் கழுத்தெலும்பைக் காட்டி எழுதி வாங்காமல் குட்டிக்கரணம் போட விடமாட்டார், சிலருக்கு அங்கே மூட்டு தளர்ந்திருக்கும், தண்டுவடத்தில் போய் அழுத்தினால் ஆபத்து. முதுகுத்தண்டில் அடிபட்ட ஒரு பெரிய பையன் வருகிறான், அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூடு ஏறிவிடும் என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்துவிடுகிறார். இதையெல்லாம் தெரியாதவர் கையில் பிள்ளையைக் கொடுத்து விளையாட விடுவதற்கு எனக்குப் பயம்தான். இவரிடம் பயமில்லை.

சுவரில் ஒரே ஒரு படம், பாராலிம்பிக்கில் உயரம் தாண்டும் மாரியப்பன் தங்கவேலு. 2016 ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். சேலம் பக்கத்துக் கிராமத்தில் அவரை உயரம் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தியதும் பள்ளிக்கூடத்து பி.டி. ஆசிரியர்தான் என்று பிள்ளைகளிடம் டீச்சர் சொல்வார்.

இனிக் குறைகள். மைதானத்தில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லை. இது பெரிய குறை, வீட்டிலேயே முடித்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது, வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் படும் பாடு சொல்லி மாளாது. கேட்டில் ஒரு படி இருக்கிறது, மரப்பலகை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் சேர்க்க மாட்டார், நாங்களே ஐந்து மாதம் காத்திருந்தோம். தள்ளிப் போய் உட்காருங்கள் என்று பெற்றோரை அடிக்கடி விரட்டுவார், குரல் கொஞ்சம் கறாராக இருக்கும், சிலர் அதற்காகவே நின்றுவிட்டார்கள். ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பதால் அவருக்குக் காய்ச்சல் வந்தால் வகுப்பு இல்லை. உதவிக்கு இன்னொருவரை வைக்க இந்தக் கட்டணத்தில் கட்டாது என்றும் எனக்குப் புரிகிறது, அதனால் முடிந்தவர்கள் கூடுதலாகக் கொடுங்கள், கேட்க மாட்டார், கொடுத்தால் பந்து வாங்குவார்.

சேர நினைப்பவர்கள் பிள்ளையின் மாத்திரை விவரம், டாக்டர் சீட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாள் பிள்ளையிடம் கேள்வி கேட்கும்போது குறுக்கே பேசாதீர்கள்.

சூலூர்ப் பெண்ணோடு இதுவரை ஏழு ஆட்டம் ஆகியிருக்கிறது, ஏழிலும் தோல்வி. போன வாரம் 3–2. மழையென்றால் காலை ஐந்தரைக்கே டீச்சரின் குரல் செய்தி வந்துவிடும். அதனால் சனிக்கிழமைகளில் எனக்கு முன்னால் அவன் எழுந்துகொண்டு, "அம்மா, ஃபோனைப் பாரு, மழை இருக்கா" என்று கத்துகிறான்.