14 மீட்டரா, 18 மீட்டரா, சுழலும் வண்டியா? சைட்டுக்கு ஏற்ற டெலிஹேண்ட்லர்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் எழும்பும் கிடங்குகளிலும் தொழிற்சாலை ஷெட்களிலும், முன்பு ஹைட்ரா (பாரத்தைத் தொங்கவிட்டபடியே ஓடும் கிரேன்) மட்டுமே செய்த சில வேலைகளுக்கு இப்போது டெலிஹேண்ட்லரைக் கேட்கிறார்கள். பூம் என்ற நீளும் கையின் நுனியில், பாரத்தைத் தாங்கும் இரும்பு முட்கரண்டியான ஃபோர்க் மாட்டிய வண்டி இது. நல்ல மாற்றம்தான். ஹைட்ராவில் பாரம் கயிற்றில் தொங்கி ஆடிக்கொண்டே போகும், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஹெல்பர் வண்டிக்கு முன்னாலேயே நடப்பார். பல பெரிய கம்பெனிகள் பழைய வகை ஹைட்ராவைத் தங்கள் சைட்டுக்குள் விடாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். டெலிஹேண்ட்லரில் பாரம் ஃபோர்க்கின் மேல் உட்கார்ந்திருக்கும், மாடி விளிம்பைத் தாண்டி உள்ளேயும் நீளும்.

வாடகைக்குக் கேட்கும்போதுதான் சறுக்குகிறோம். "எத்தனை மீட்டர் போகும்? எத்தனை டன் தூக்கும்?" இந்த இரண்டு கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு எண்களும் வண்டியின் பெயரிலேயே இருக்கின்றன. ஜேசிபி 540-140 என்றால் 4 டன், சுமார் 14 மீட்டர். மேனிட்டூ எம்டி 1440 என்றால் வரிசை மாறும்: முதலில் 14 மீட்டர், அடுத்து 4 டன். ஆனால் 4 டன்னை 14 மீட்டரில் அந்த வண்டி வைக்கும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 4 டன் என்பது பூம் சுருங்கி, பாரம் வண்டியை ஒட்டி இருக்கும்போதுதான். நிறைகுடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது. பூம் முழுக்க முன்னால் நீண்டால், 4 டன் வண்டியே அதில் சிறு பங்கைத்தான் தாங்கும். எந்த உயரத்தில், எவ்வளவு நீட்டினால் எத்தனை கிலோ என்று, கேபினுக்குள் ஒட்டியிருக்கும் லோடு சார்ட் கட்டம் கட்டமாகச் சொல்கிறது. வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அதை வைத்துத்தான்.

சின்ன வண்டிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2.5 டன், 6 மீட்டர் வகை (ஜேசிபி 525-60 போன்றவை) 2 மீட்டருக்கும் குறைவான அகலமும் உயரமும் கொண்டவை. ஷெட்டுக்குள், பேஸ்மென்ட்டில், குறுகலான சந்தில் வேலை என்றால் இதுதான். 3 டன், 7 மீட்டர் வண்டி முற்றத்தில் லாரி இறக்கவும் இரண்டாம் தளம் வரை செங்கல் ஏற்றவும் போதும். ஸ்டெபிலைசர் (வண்டி சாயாமல் தரையில் ஊன்றும் ஜாக்கிக் கால்கள்) இல்லாததால், சொல்லப்போனால், வேலை வேகமாக நடக்கும். 7 டன்னுக்கு மேல் தூக்கும் கனரக வகை சுரங்கத்துக்கும் கான்கிரீட் பாகங்களை முன்கூட்டியே வார்க்கும் பெரிய ப்ரீகாஸ்ட் யார்டுக்கும் உரியது.

உண்மையான குழப்பம் 14-க்கும் 18-க்கும் நடுவில்தான். மூன்று மாடி ஆபீஸ் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் தளத்தின் ஸ்லாப் தரையிலிருந்து சுமார் 10 மீட்டர். ஏஏசி பிளாக் (எடை குறைந்த கான்கிரீட் கல்) ஒரு பேலட், அதாவது ஒரு மரத்தட்டு நிறைய, ஏற்ற வேண்டும். 600 × 200 × 200 மி.மீ. பிளாக் ஒன்று காய்ந்த நிலையில் 15 கிலோ அளவு, அறுபது பிளாக் என்றால் 900 கிலோ. ஆனால் ஆலையிலிருந்து புதிதாக வரும்போது ஈரம் இருக்கும், மழையில் நனைந்தால் இன்னும் கூடும். 1,200 என்றே கணக்கு வையுங்கள். அடுத்தது தூரம். அஸ்திவாரப் பள்ளத்தை மூடிய மண் ஓரம் என்பதால் டயர் சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி நிற்கிறது. சாரமும் அந்த இடைவெளிக்குள்தான் வருகிறது. பேலட் ஸ்லாப்புக்குள் 1 மீட்டராவது போக வேண்டும். பேலட்டின் பாதி அகலத்தையும் சேர்த்தால் சுமார் 4 மீட்டர். ஆக, 10 மீட்டர் உயரத்தில், 4 மீட்டர் நீளத்தில், 1,200 கிலோ. ஸ்டெபிலைசரை ஊன்றிய 14 மீட்டர் வண்டி இதைத் தாராளமாகச் செய்யும். இந்த வேலைக்கு 18 மீட்டர் வண்டியை எடுப்பவர், தேவையில்லாத எடைக்கும் நீளத்துக்கும் வாடகை கட்டுகிறார்.

அதே 14 மீட்டர் வண்டியை, உள்ளே 12 மீட்டர் தெளிவான உயரம் வேண்டும் என்று கட்டப்படும் கிடங்குக்குக் கொண்டு போங்கள். கூரையின் விளிம்பு 13 மீட்டரை நெருங்கும். கூரை ஷீட் கட்டு, ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினுக்கு மேலே ஏறி, உள்பக்கமாக நீண்டு இறங்க வேண்டும். வண்டியோ தன் உச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பூம் ஏறக்குறைய நிமிர்ந்துவிடும், முன்னால் நீளம் மிஞ்சாது. இங்கே 18 மீட்டர் ஆடம்பரம் இல்லை, அவசியம். நான்கு மீட்டர் கூடுதல் என்பதை உயரமாகப் பார்க்காமல், 13 மீட்டரில் கிடைக்கும் முன்னீளமாகப் பாருங்கள்.

சுழலும் வகை வேறு கதை. இதில் பூமும் கேபினும் சக்கரங்களுக்கு மேல் சுற்றித் திரும்பும். இத்தாலியின் மெர்லோ 1991-ல் இதை அறிமுகப்படுத்தியது. நிலையான பூம் வண்டியில் பேலட்டைப் பக்கவாட்டில் நகர்த்த வண்டியையே நகர்த்த வேண்டும்: பூமை இறக்கு, ஜாக்கியைத் தூக்கு, ஓட்டு, மறுபடி ஊன்று, லெவல் பார். சுழலும் வண்டி ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு பின்னால் நிற்கும் லாரியிலிருந்து எடுத்து முன்னால் வைக்கும். வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி) மாட்டினால் சின்ன கிரேன், கூடை மாட்டினால் ஆள் ஏற்றும் மேடை. சென்னை நகருக்குள் நாலு பக்கமும் கட்டடம் நெருக்கும் மனையில் இது அருமையான வண்டி. ஆனால் 25 மீட்டர் வகை ஒன்று 18 டன்னைத் தொடும், ஜாக்கிகளை விரிக்கப் பெரிய இடம் கேட்கும், வாடகையும் தூக்கலாக இருக்கும். கிரேனையும், ஆள் ஏற்றும் பூம் லிஃப்டையும் தனித்தனியாகக் கூப்பிடும் செலவு மிச்சமானால் மட்டுமே எடுங்கள் என்பேன். திறந்த மைதானத்தில் கட்டும் ஷெட்டுக்கு அது வீண்.

இரண்டு சார்ட்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிலையான பூம் வண்டியில் முன்னீளத்தை முன் டயரின் முகப்பிலிருந்து அளக்கிறார்கள், சுழலும் வண்டியில் பெரும்பாலும் சுழல் மையத்திலிருந்து. இரண்டிலும் 10 மீட்டர் என்று போட்டிருந்தாலும் சுவரிலிருந்து கிடைக்கும் நீளம் ஒன்றல்ல.

அப்புறம் தரை. ஒரகடம் பக்கம் ஏரியை ஒட்டிய களிமண் நிலங்கள் நிறைய. ஐப்பசி மழையில் அந்த மண்ணில் ஜாக்கி ஊன்றினால் ஒரு கால் மட்டும் மெல்ல இறங்கும். தரையில் சில சென்டிமீட்டர் சாய்வு, பூம் நுனியில் பல மடங்காகத் தெரியும். அகலமான ஸ்டீல் பிளேட் அல்லது மரக்கட்டைப் படுக்கை இல்லாமல் 18 மீட்டர் வண்டியையோ சுழலும் வண்டியையோ அங்கே ஊன்ற விடாதீர்கள். இந்த ஏற்பாடு முடியாது என்றால், பாரத்தைப் பாதியாகப் பிரித்து 14 மீட்டர் வண்டியில் இரண்டு நடையாக ஏற்றுவது மேல்.

ஆள் ஏற்றும் வேலை இருக்கிறதென்றால் வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள். ஃபோர்க்கில் பேலட்டை வைத்து அதன்மேல் ஆளை நிற்க வைப்பது எந்த வகை வண்டியிலும் கூடாது. அந்த மாடலுக்கென்றே தயாரித்த கூடை, அதற்கான தனி லோடு சார்ட், கூடைக்குள்ளிருந்தே இயக்கும் கண்ட்ரோல், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மட்டும் வண்டியை கேட்டுக்குள் விடுங்கள்.