ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: புது ட்ரன்னியனுக்குக் காசு, வண்டியில் பழையது

அப்பா விட்டுப்போன 1965 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இரண்டு ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறேன். எஞ்சின் முடிந்தது, தகர வேலை முடிந்தது, முன்பக்க சஸ்பென்ஷன் மட்டும் பாக்கி. எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு பட்டறையில் பழைய வண்டிகளை நன்றாகப் பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். விட்டேன்.

இங்கிலாந்திலிருந்து நானே தருவித்த இரண்டு ட்ரன்னியன்களையும் (முன்சக்கரத் தண்டின் அடிமுனை திருகி நிற்கும் பித்தளைத் துண்டு) புஷ்களையும் (இணைப்புகளில் வரும் ரப்பர் வளையங்கள்) பட்டறைக்காரர் கையில் கொடுத்தேன். ட்ரன்னியன்கள் பித்தளை நிறத்தில் பளபளவென்று இருந்தன. பத்து நாளில் வண்டி வந்தது. கூலி 22,500 ரூபாய். கீழே குனிந்து பார்த்தேன். எல்லாம் கன்னங்கரேலென்று புதுப் பெயிண்ட். அழகாக இருக்கிறதே என்று பூரித்துப்போனேன். அந்தப் பூரிப்பை நினைத்தால் இப்போது என்மீதே கோபம் வருகிறது.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு ஒரு சந்துக்குள் திரும்பினேன். நடக்கிற வேகம்தான். மடார் என்று ஒரு சத்தம். இடது முன்சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கி, வண்டி மூக்கைத் தரையில் ஊன்றிவிட்டது. வஞ்சிரம் வாங்க வந்த நான்கு பேர் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கி ஓரமாக நகர்த்தினார்கள். இதுவே விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நடந்திருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பெரம்பூரிலிருந்து ஒரு வயதான மெக்கானிக் வந்தார். படுத்துப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: “பித்தளைக்கு எதற்குத் தம்பி பெயிண்ட்?”

பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தார். கறுப்பு போனது, அதன் கீழே பழைய அழுக்கு, அதற்கும் கீழே ஒரு நசுங்கல். அந்த நசுங்கலை எனக்குத் தெரியும். நான் பள்ளியில் படித்த காலத்தில் அப்பாவின் சுத்தியல் தவறிப்போய் விழுந்த இடம்.

ஹெரால்டு இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது ட்ரன்னியனுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழலும். இதற்குக் கிரீஸ் ஆகாது, கெட்டியான கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் மரையின் இடுக்குக்குள் சரியாக இறங்காமல் காய்ந்துபோகும். தண்ணீர் புகும், துரு ஏறும், ஒருநாள் தண்டே ஒடியும். எங்கள் பட்டறைக்காரர் பழைய ட்ரன்னியனில் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) வைத்துக் கிரீஸை அழுத்தி நிரப்பியிருந்தார்.

ஒடிந்த முகத்தைப் பெரியவர் டார்ச் அடித்துக் காட்டினார். முக்கால்வாசி காப்பிப்பொடி நிறத் துரு. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மட்டும் வெள்ளையாக மின்னியது. “இந்த மினுக்கம்தான் இன்று ஒடிந்தது. மற்றதெல்லாம் எப்போதோ விரிசல் விட்டது. ட்ரன்னியனைக் கழற்றியிருந்தால் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அவன் கழற்றவே இல்லை.”

புஷ்களை மட்டும் மாற்றியிருந்தார்கள், அதுவும் கோணலாக. வண்டி தன் எடையோடு நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் அந்தப் புஷ்களின் போல்ட்டுகளைக் கடைசியாக முடுக்க வேண்டும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே முடுக்கியதால் ரப்பர் முறுக்கிக்கொண்டு, மூன்றே வாரத்தில் கிழிய ஆரம்பித்துவிட்டது.

பட்டறைக்குப் போனேன். “அந்தக் காலத்து வண்டி சார், அப்படித்தான் இருக்கும்” என்றார் பட்டறைக்காரர். நசுங்கலைக் காட்டியதும் பையன் தெரியாமல் மாட்டிவிட்டான் என்றார். அப்படியானால் புதியது எங்கே என்றேன். டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பார்சலைப் பிரித்தபோது எடுத்த ஒரு புகைப்படத்தைத் தவிர என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. பழைய சாமானைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்றும் அன்று தோன்றவில்லை. பணம் வரவில்லை.

வண்டி இப்போது வீட்டு வாசலில் கட்டைமேல் நிற்கிறது. என் ட்ரன்னியன்கள் வேறு ஏதோ ஒரு ஹெரால்டுக்குப் போயிருக்கும் என்பது பெரியவரின் கணிப்பு. இடது, வலது என்று எதிரெதிர் மரையோடு ஒரு ஜோடி, பெட்டியோ பில்லோ இல்லாமல், ‘புதுசு, மலிவு’ என்று உங்களிடம் யாராவது விற்க வந்தால் எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்.